சிரமதானம் செய்தும் ஓடை ஏன் நாறுகிறது?

கேள்வி: தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தின் இளைஞர் கழகச் செயலாளர் நான். எங்கள் லயங்களுக்குக் கீழே ஓடும் ஓடை கொத்மலை ஓயாவில் போய் விழுகிறது. 42 குடும்பங்கள், ஏறக்குறைய 190 பேர் இருக்கிறோம். நவம்பரில் சிரமதானம் வைத்து இரண்டு டிரக்டர் பெட்டி குப்பை அள்ளினோம். பிள்ளைகளுக்குச் சித்திரப் போட்டி வைத்தோம், "ஆற்றைக் காப்போம்" என்று பலகையும் நட்டோம். பெப்ரவரி வந்ததும் பழையபடி குப்பை. நாற்றம் முன்னைவிட மோசம். தேயிலை ஸ்டோர் (தொழிற்சாலை) கழிவுதான் காரணம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். மேலே மரக்கறித் தோட்டங்களும் கீழே ரோட்டோரத்தில் வாகனம் கழுவும் இடம் ஒன்றும் இருக்கின்றன. சனங்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று 500 துண்டுப் பிரசுரம் அடிக்கப் போகிறோம். அதில் என்ன எழுதலாம்? பீலித் தண்ணீரை (ஊற்றிலிருந்து பிடிக்கும் தண்ணீரை) குடிக்கலாமா என்பதையும் சொல்லுங்கள் ஐயா.

பதில்:

துண்டுப் பிரசுரக் காசை இப்போதைக்குக் கையில் வைத்திருங்கள், தம்பி. ஓடையில் குப்பை போடுவது பிழை என்று தெரியாத ஆள் உங்கள் தோட்டத்தில் ஒருவரும் இருக்க மாட்டார். விடிய ஐந்து மணிக்கு எழும்பி, சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போகிற தாய் பேம்பர்ஸை ஓடைப் பக்கம் வீசுகிறார் என்றால், அதைப் போட வேறு இடம் இல்லை என்பதுதான் காரணம். போட இடம் இல்லாத ஊரில் "போடாதே" என்று எழுதுவது காகிதச் செலவு மட்டுமே.

இன்னொன்று. குப்பையும் நாற்றமும் இரண்டு வேறு பிரச்சினைகள். பொலித்தீனும் பிளாஸ்டிக் போத்தலும் ஓடையை அசிங்கப்படுத்தும், மதகை அடைக்கும், ஆனால் நாறாது. நாறுவது தண்ணீரில் கரைந்து வருகிற கழிவு. அதைக் கையால் அள்ள முடியாது. நீங்கள் நவம்பரில் அள்ளியது ஒன்று, பெப்ரவரியில் மூக்கைப் பிடிக்க வைத்தது மற்றொன்று. ஆகவே முதல் வேலை, எது எங்கே வந்து விழுகிறது என்று கண்டுபிடிப்பது.

நான்கைந்து பேர் சேர்ந்து, மரக்கறித் தோட்டங்களுக்கும் மேலே ஓடை தெளிவாக இருக்கும் இடத்தில் தொடங்கி, கொத்மலை ஓயாவில் சேரும் இடம் வரை கரையோடு நடந்து வாருங்கள். வழியில் ஓடைக்குள் விழும் ஒவ்வொரு கானுக்கும் குழாய்க்கும் ஓர் இலக்கம் கொடுத்து, தண்ணீர் வருகிறதா, என்ன நிறம், என்ன மணம், மேலே எந்த லயம் அல்லது கட்டடம் என்று எழுதுங்கள். போனில் படம் எடுக்கும்போது இடத்தைப் பதியும் வசதியைத் திறந்து வைத்திருங்கள். இந்த நடையை மூன்று வேளைகளில் செய்ய வேண்டும்: மழை இல்லாத வேலை நாளில் காலை 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையில், வீட்டு உடுப்பெல்லாம் ஒன்றாகத் துவைக்கும் ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், சில நாள் வெயிலுக்குப் பிறகு வரும் முதல் பெரிய மழையில். முதல் அரை மணி மழைதான் கான்களிலும் காணிகளிலும் சேர்ந்து கிடந்த அழுக்கைத் தள்ளிக்கொண்டு வரும். அந்த நேரத்தில் கரையில் நின்று பார்த்தால் போதும், தண்ணீருக்குள் இறங்கக் கூடாது. பத்து மணிக்குப் போய்ப் படம் எடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு ஓடை எப்போதும் நல்ல பிள்ளையாகத்தான் தெரியும்.

கண்ணை ஏமாற்றும் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டு போங்கள். ஒன்று நுரை. பழுப்பு நிறத்தில், மண் வாசத்தோடு, பாறை மூலையில் ஒதுங்கி நிற்கும் நுரை இலை தழை அழுகுவதால் இயற்கையாக வருவது. வெள்ளையாக, சவர்க்கார வாசத்தோடு வந்தால் அது லயத்துக் கானிலிருந்தோ வாகனம் கழுவும் இடத்திலிருந்தோ வருவது. இரண்டாவது, தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் படரும் படலம். ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். கண்ணாடி போலத் துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால் அது இரும்பைத் தின்னும் பக்டீரியாவின் வேலை, எண்ணெய் அல்ல. குச்சியை எடுத்ததும் திரும்ப ஒன்றாக ஓடிச் சேர்ந்தால் எண்ணெய்தான். மூன்றாவது, ஊற்றுக்கண் பக்கத்தில் செம்மஞ்சளாகப் படியும் சேறு. அதுவும் அதே இரும்புப் பக்டீரியா. இதைப் பார்த்து "ஸ்டோர்க் கழிவு" என்று முறைப்பாடு எழுதினால், அதிகாரி வந்து குச்சியை விட்டுப் பார்த்துவிட்டு உங்கள் மற்ற முறைப்பாட்டையும் சேர்த்து மூடி வைத்துவிடுவார்.

ஆய்வுகூடம் இல்லாமலே ஓடையின் உடல்நிலையை அறிய ஒரு வழி உண்டு. கல்லைப் புரட்டிப் பார்ப்பது. ஒரு மில்லிமீற்றர் கண்ணுள்ள நைலோன் வலையை ஒரு சட்டத்தில் கட்டுங்கள். நீரோட்டத்துக்கு எதிரே வாய் இருக்கும்படி அதை அடியில் ஊன்றிப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேல்புறம் நின்று மூன்று நிமிடம் காலால் கற்களைக் கிளறினால், ஒளிந்திருக்கும் உயிரெல்லாம் வலைக்குள் வந்து விழும். வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். வயிற்றோரத்தில் இறகு போன்ற செவுள்களோடும் மூன்று வாலோடும் தட்டையாக ஓடும் பூச்சி, இரண்டு வாலுள்ள சற்றுப் பெரிய பூச்சி, மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டி உள்ளே இருக்கும் புழு - இவை நிறைய இருந்தால் தண்ணீரில் ஒட்சிசன் நன்றாக இருக்கிறது. இவை மறைந்து சிவப்பு நிறப் புழுக்களும், எலிவால் போல நீண்ட மூச்சுக்குழாய் உள்ள புழுக்களும் மட்டும் கிடைத்தால் அங்கே கழிவு தொடர்ந்து விழுகிறது. மரக்கறித் தோட்டத்துக்கு மேலே, லயங்களுக்குச் சற்று மேலே, லயங்களுக்குக் கீழே, வாகனம் கழுவும் இடத்துக்குக் கீழே என்று நான்கு இடங்களில் ஒரே நாளில் செய்யுங்கள். எந்த இரண்டு இடங்களுக்கு இடையில் பூச்சிகள் மாறுகின்றனவோ, அங்கேதான் குற்றவாளி இருக்கிறான். ஒரு போத்தல் தண்ணீர் அந்த ஒரு நிமிடத்தின் கதையைத்தான் சொல்லும். பூச்சிகளோ பல வாரமாக அங்கேயே கிடந்தவை. இரவில் திருட்டுத்தனமாகத் திறந்துவிட்ட கழிவையும் அவை காட்டிக்கொடுக்கும். பெரிய மழைக்குப் பிறகு இரண்டு வாரம் பொறுத்துச் செய்யுங்கள், வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போயிருக்கும்.

இனி, பெப்ரவரியில் மட்டும் ஏன் நாறுகிறது என்பதற்கு வருவோம். இதற்குக் கணக்குப் போட வேண்டும், பயப்பட ஒன்றும் இல்லை. ஓடை ஓரளவு நேராக ஓடும் 10 மீற்றர் தூரத்தை அளந்து, ஒரு தோடம்பழத்தை மிதக்க விட்டு எத்தனை விநாடி எடுக்கிறது என்று பாருங்கள். அகலம் 2 மீற்றர், சராசரி ஆழம் 20 சென்ரிமீற்றர், பழம் வர 25 விநாடி என்றால், வேகம் 10 ÷ 25 = விநாடிக்கு 0.4 மீற்றர். ஆகவே 2 × 0.2 × 0.4 = 0.16. அடியில் கல் உள்ள ஓடைக்கு இதை 0.7 ஆல் பெருக்க வேண்டும், ஏனென்றால் மேல்நீரைவிட அடிநீர் மெதுவாக ஓடும். விடை விநாடிக்கு 0.112 கனமீற்றர், அதாவது 112 லீற்றர். மழைக்காலத்தில் உங்கள் ஓடை இப்படி இருக்கலாம். தை, மாசியில் அதுவே விநாடிக்கு 6 லீற்றராகச் சுருங்கினால் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஒரு மனிதரின் கழிவு மக்குவதற்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 கிராம் ஒட்சிசன் வேண்டும். உங்கள் 190 பேரில் பாதிப்பேரின் கழிவு கான் வழியாக ஓடைக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 5 கிலோகிராம் அளவில் வரும். 112 லீற்றர் ஓடும்போது இது ஒவ்வொரு லீற்றரிலும் அரை மில்லிகிராம்தான், ஓடைக்கு ஒரு பொருட்டே இல்லை. 6 லீற்றர் ஓடும்போது அதே கழிவு லீற்றருக்கு 9 மில்லிகிராமுக்கு மேல் கேட்கும். உங்கள் உயரத்தில், 20 பாகை வெப்பத்தில், சுத்தமான தண்ணீர்கூட லீற்றருக்கு 8 மில்லிகிராம் அளவுக்குத்தான் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்க முடியும். கேட்பது இருப்பைவிட அதிகம் ஆனதும், ஒட்சிசன் இல்லாமல் வாழும் பக்டீரியா வேலையைத் தொடங்கும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான். நவம்பரில் யாரும் யோக்கியமாக இருக்கவில்லை, பெப்ரவரியில் யாரும் திடீரெனக் கெட்டுப்போகவும் இல்லை. தண்ணீர் குறைந்தது, அவ்வளவே.

"ஓடுகிற தண்ணி சுத்தம்" என்பார்கள். பாதிதான் உண்மை. பாறையில் விழுந்து சிதறும்போது காற்றிலிருந்து ஒட்சிசன் மறுபடி ஏறும், அதனால் செங்குத்தான இடத்தில் நாற்றம் தெரியாது. கழிவு அதனால் போய்விடுவதில்லை, கிருமியும் சாவதில்லை. குளிர்ந்த தண்ணீரில் அவை இன்னும் நீண்ட நேரம் உயிரோடு இருக்கும். நாற்றம் தண்ணீர் தேங்கும் இடத்தில் வெளிப்படும்: மதகடியில், குளிக்கும் கசத்தில். கீழே போனால் தலவாக்கலையில் மேல் கொத்மலை அணை. 2012 இல் திறக்கப்பட்ட அந்த 150 மெகாவாற் திட்டத்தின் நீர்த்தேக்கம் மிகச் சிறியது. அங்கிருந்து தண்ணீர் சுமார் 13 கிலோமீற்றர் சுரங்கத்தினூடாக மின் நிலையத்துக்குப் போகிறது. பிறகு கொத்மலை நீர்த்தேக்கம், மகாவலி, கண்டி நகரத்தின் குடிநீர், பொல்கொல்லையில் திருப்பப்படும் நீரோடு வடமத்திய மாகாணத்துக் குளங்கள். ஹட்டன், மஸ்கெலியா பக்கத்து வாசகர்களும் இதைப் படிப்பதால் சொல்கிறேன்: உங்கள் கெசெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை ஆகின்றன, கொழும்பு அதைத்தான் அம்பத்தளையில் எடுத்துச் சுத்திகரித்துக் குடிக்கிறது.

ஸ்டோர் மீதான சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடலாம். கறுப்புத் தேயிலை செய்வது பெரும்பாலும் உலர் வேலை. கொழுந்தை வாட்டுவதும் அரைப்பதும் காய வைப்பதும் தண்ணீர் சேர்த்துச் செய்யும் காரியங்கள் அல்ல. நிலமும் இயந்திரமும் கழுவும் தண்ணீர், அடுப்புச் சாம்பல், ஜெனரேட்டர் எண்ணெய் ஆகியவை வரலாம், அவற்றையும் உங்கள் நடையில் இலக்கமிட்டுக் குறியுங்கள். தினமும் நாறும் அளவுக்கு ஓடையைக் கெடுப்பது அதுவாக இருக்க வாய்ப்புக் குறைவு. நிர்வாகத்தின் மேல் கோபம் இருப்பது வேறு விஷயம்.

அதிகம் சந்தேகிக்க வேண்டியது லயத்துக் கான்களை. மலசலகூடம் கட்டும்போது குழி இருந்திருக்கும், அது நிரம்பியதும் ஒரு குழாயைச் செருகிக் கானில் விட்டிருப்பார்கள். இதைச் சண்டையில்லாமல் கண்டுபிடிக்க, ஒரு வாளித் தண்ணீரில் மூன்று நான்கு மேசைக்கரண்டி கேசரிப் பவுடர் கரைத்து மலசலகூடத்தில் ஊற்றி, பின்னால் இரண்டு வாளி வெறும் தண்ணீரும் ஊற்றுங்கள். கானில் ஒருவர் நின்று அரை மணி நேரம் பார்க்கட்டும். நிறம் வந்தால் நேர்த் தொடர்பு இருக்கிறது. வராவிட்டால் "நல்லது" என்று அர்த்தம் இல்லை. மண்ணினூடாகக் கசிந்து போகும்போது மண் சாயத்தைப் பிடித்துவிடும், கிருமியும் நைத்திரேற்றும் போய்க்கொண்டிருக்கும். வீட்டுக்காரரின் சம்மதத்தோடு, எல்லா வீட்டிலும் செய்யுங்கள். தலைவர் வீட்டில் தொடங்கினால் இன்னும் நல்லது.

அதற்கான மாற்று, நிரம்பிய குழிக்குப் பக்கத்தில் இரண்டாவது குழி. ஒரு மீற்றர் விட்டம், ஒன்றரை மீற்றர் ஆழம், பக்கச் சுவரில் இடைவெளி விட்டுக் கல் அடுக்கு, மேலே கொங்கிறீற் மூடி. இரண்டுக்கும் நடுவில் ஒரு சிறிய பெட்டி கட்டி, கழிவு எந்தக் குழிக்குப் போக வேண்டுமோ அந்தப் பக்கம் மட்டும் திறந்திருக்கச் செய்யுங்கள். ஒன்று நிரம்பினால் மற்றதுக்குத் திருப்பி, நிரம்பியதை மூடி, உங்கள் குளிருக்கு இரண்டு வருடம் விட்டால் உள்ளே இருப்பது மண்ணாகிவிடும். கலி பவுசர் (மலக்குழியை உறிஞ்சும் வண்டி) ஏற முடியாத லயப் பாதைகளுக்கு இதுதான் பொருத்தம். குழியின் அடி, மழைக்கால நிலத்தடி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீற்றராவது மேலே இருக்க வேண்டும். கிணறு, ஊற்றுகளிலிருந்து குறைந்தது 15 மீற்றர் தள்ளி, அவற்றுக்குக் கீழ்ப்பக்கத்தில் இருக்க வேண்டும். வீடு, மலசலகூட வேலைகளைப் பார்க்கும் "ட்ரஸ்ட்" அதிகாரியிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் சாயச் சோதனையின் பட்டியலோடு போய்க் கேளுங்கள்.

குளிக்கும், துவைக்கும், பாத்திரம் கழுவும் தண்ணீருக்கு வாழைக் குழி நல்லது. ஒன்றரை மீற்றர் அகலம், முக்கால் மீற்றர் ஆழத்தில் வெட்டி, அடியில் கவ்வாத்துக் குச்சிகளும் மேலே காய்ந்த புல்லும் நிரப்பிச் சுற்றிலும் வாழையும் சேம்பும் நட்டால் ஒரு குடும்பத்தின் தண்ணீரை அது குடித்துவிடும். குழிக்கு முன்னால் ஒரு சிறிய பெட்டியில் சோறும் எண்ணெயும் பிடிபட வேண்டும். அதை வாரம் ஒருமுறை அள்ளாவிட்டால் இரண்டு மாதத்தில் குழி அடைபட்டுத் தண்ணீர் மேலால் வழியும். இந்த ஏற்பாடு கெட்டுப்போவது அநேகமாக இதனால்தான். வெட்டுவதற்கு முன் மண்ணைச் சோதியுங்கள்: ஓர் அடி அகல, ஓர் அடி ஆழக் குழியில் தண்ணீர் விட்டு, அது ஊறிய பிறகு மறுபடி நிரப்பி, ஓர் அங்குலம் இறங்க எவ்வளவு நேரம் என்று பாருங்கள். அரை மணிக்கு மேல் எடுத்தால் அந்த இடம் சரிவராது.

மலைநாட்டுக்கே உரிய ஓர் எச்சரிக்கை. சமவெளிக்கு எழுதிய கையேடுகளில் இது இருக்காது. லயத்துக்கு மேல் சரிவிலோ, செங்குத்தான இடத்திலோ, மண்சரிவு அபாயம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் குறித்த இடத்திலோ எந்த ஊறல் குழியும் வெட்டக் கூடாது. மண்ணுக்குள் தண்ணீர் ஏற ஏற மண்ணின் பிடிப்புக் குறையும். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை யாரும் மறக்கவில்லை. நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், புதிதாகக் கிளம்பிய ஊற்று தென்பட்டால் குழி வேண்டாம். கொங்கிறீற் கான் வழியாகக் கீழே தட்டையான இடத்துக்குக் கொண்டுபோய் அங்கே விடுங்கள்.

மரக்கறித் தோட்டக்காரர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள், அவர்களும் கடன்பட்டுத்தான் கரட்டும் லீக்ஸும் போடுகிறார்கள். மூன்று விஷயம் மட்டும் கேளுங்கள். ஓடைக் கரையிலிருந்து ஐந்து மீற்றருக்காவது கொத்தாமல் மானாப்புல் விட்டு வைப்பது. கோழி எருவை ஓடைப் பக்கம் குவிக்காமல், மழைக்கு மூடி வைப்பது. மருந்து டேங்கைப் பீலியிலோ ஓடையிலோ கழுவாமல், மூன்று முறை கொஞ்சத் தண்ணீரால் அலசி, அலசிய தண்ணீரையும் அதே பாத்தியில் அடித்துவிடுவது. மழை வரும் என்று தெரிந்தே யூரியா போட்டால் பாதிக் காசு ஓடையில் போகிறது என்று சொன்னால் மற்றதைவிட இது சீக்கிரம் காதில் ஏறும்.

வாகனம் கழுவும் இடம் வேறு வகை. அது வியாபாரம், அதற்குச் சட்டம் இருக்கிறது. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் எடுத்திருக்க வேண்டிய தொழில் அது. 2008 பெப்ரவரியில் வெளியான வர்த்தமானி, ஓடையில் விடும் கழிவுநீரில் எண்ணெய், கிரீஸ் லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்கும், தண்ணீரில் கலங்கி நிற்கும் திண்மம் 50 க்கும், ஐந்து நாள் ஒட்சிசன் தேவை 30 க்கும் மேல் போகக் கூடாது என்றது; இப்போதைய எல்லையை அதிகாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதே வர்த்தமானியில் பலர் கவனிக்காத ஒரு குறிப்பு உண்டு: ஓடையின் சுத்தமான தண்ணீர் கழிவைப் போல எட்டு மடங்காவது இருக்கும்போதுதான் இந்த எல்லை. அதற்குக் குறைந்தால் எல்லையும் அதே விகிதத்தில் இறுகும். வறட்சிக் காலத்தில் நீங்கள் அளந்த நீரோட்டக் கணக்கு இங்கே பயன்படும். எண்ணெய்ப் பொறி கட்டியிருந்தாலும், சவர்க்காரம் போட்டுக் கழுவினால் எண்ணெய் தண்ணீரோடு பால் போலக் கலந்து பொறியைத் தாண்டி வந்துவிடும் என்பதையும் பரிசோதனைக்கு வருபவரிடம் சொல்லுங்கள்.

முறைப்பாட்டைப் பிரதேச செயலகத்திலுள்ள மத்திய சுற்றாடல் அதிகார சபையின் உத்தியோகத்தருக்கு எழுதி, பிரதி ஒன்றைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் இன்னொன்றை உள்ளூராட்சி சபைக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். "ஓடை நாசமாகிறது" என்று எழுத வேண்டாம். இலக்கம் 7 குழாய், இந்த இடம், இந்தத் திகதி, இந்த நேரம், வெள்ளை நுரை, குச்சிச் சோதனையில் எண்ணெய், படம் இணைப்பு என்று எழுதுங்கள். உரிமம் இருக்கிறதா, எப்போது முடிகிறது, என்ன நிபந்தனை என்பதை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். 14 வேலை நாளில் முடிவு சொல்ல வேண்டும்.

இப்போது குப்பை. பிரதேச சபை டிரக்டர் தோட்டத்துக்குள் வராததற்கு நீண்ட காலம் ஒரு சட்டக் காரணம் இருந்தது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதைக் கட்டிப்போட்டிருந்தது. வரி கட்டும் ரோட்டோரக் கடைக்கு டிரக்டர், கூப்பிடு தூரத்தில் லயத்துக்கு ஒன்றுமில்லை. 2018 இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டு நுவரெலியா, அம்பகமுவ சபைகள் பிரிக்கப்பட்டு அக்கரபத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா சபைகள் செயற்படத் தொடங்கின. ஆகவே "தோட்டத்துக்கு வர எங்களுக்கு அதிகாரம் இல்லை" என்று இப்போது யாரும் சொன்னால் அது பழைய பதில். உங்கள் பகுதி எந்தச் சபைக்கு உரியது என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு, வாரத்தில் ஒரு நாள், ரோட்டில் ஓர் இடம், ஒரு நேரம் என்று மட்டும் கேளுங்கள். லயத்துக்கு லயம் வரச் சொன்னால் பாதையைக் காட்டி மறுத்துவிடுவார்கள். ரோட்டடிக்குக் கொண்டுவந்து கொடுக்கும் பொறுப்பைக் கழகம் ஏற்றால் மறுக்கக் காரணம் இருக்காது.

டிரக்டருக்குப் போவது பிளாஸ்டிக், கண்ணாடி, பேம்பர்ஸ் மட்டும். சமையலறைக் கழிவை அங்கேயே மக்க வையுங்கள். உங்கள் குளிரில் சின்ன வாளிக் கூட்டெரு சூடேறாது, குறைந்தது ஒரு மீற்றர் நீளம், அகலம், உயரமுள்ள கம்பிக் கூடு வேண்டும், ஆறேழு வீட்டுக்கு ஒன்று. ஒரு பங்கு சமையல் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த புல், சருகு. சவுக்குச் சருகு சீக்கிரம் மக்காது, அதை மட்டும் நம்பாதீர்கள். இறைச்சி, மீன் எலும்பு போட்டால் அன்று இரவே நாயும் பன்றியும் கூட்டைப் பிரித்துப் போடும். பேம்பர்ஸுக்கு நல்ல வழி என்று எதையும் என்னால் சொல்ல முடியாது. எரித்தால் நச்சுப்புகை, மலசலகூடத்தில் போட்டால் குழி அடைபடும். டிரக்டர் வரும்வரை கட்டிய பையில் மூடி வைப்பதே குறைந்த தீமை.

விழிப்புணர்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சித்திரப் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளை ஓடையைப் பார்க்காமலே சித்திரம் வரைந்திருக்கும். கல்லைப் புரட்டி மூன்று வால் பூச்சியைத் தட்டில் பார்த்த பிள்ளை வீட்டில் போய்ச் சும்மா இருக்காது. பாடசாலை விஞ்ஞான ஆசிரியரோடு பேசி, தவணைக்கு ஒரு முறை வலைச் சோதனையை ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு செய்யுங்கள். "ஆற்றைக் காப்போம்" பலகையில் அந்த நான்கு இடங்களில் கிடைத்த பூச்சிகளின் எண்ணிக்கையை எழுதி ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். மாரியம்மன் திருவிழாவில் கரகம் பாலிக்க எல்லோரும் ஆற்றங்கரைக்கு வருவார்களே, அதற்கு முந்திய வாரம் கோயில் கமிட்டியோடு பேசினால் அந்தக் கரை சுத்தமாகும், அன்று ஒலிபெருக்கியில் டிரக்டர் வரும் நாளையும் அறிவிக்கலாம். துண்டுப் பிரசுரம் அடித்தே ஆக வேண்டும் என்றால், நாள், நேரம், இடம் உறுதியான பிறகு அந்த மூன்றையும் பெரிய எழுத்தில் போட்டு 42 மட்டும் அடியுங்கள்.

கடைசியாகப் பீலித் தண்ணீர். மேலே குடியிருப்போ மரக்கறிக் காணியோ இருக்கும் எந்தப் பீலியையும் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும், உங்களிடம் அதைவிட ஓரிரு பாகை கூட. அது போதாது என்று பயப்படத் தேவையில்லை, தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல், செங்கமாரிக் கிருமிகள் எல்லாம் சாகும். ஆறிய பிறகு அதே பாத்திரத்தில் மூடி வையுங்கள், கையை விட்டு அள்ளாதீர்கள்.

பொதுத் தாங்கி இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் டி.சி.எல். பவுடர் (குளோரின் தூள்) கேட்டு வாங்கலாம். ஆயிரம் லீற்றருக்கு 7 கிராம், அதாவது 30 சதவீத குளோரின் உள்ள புதிய பவுடரில் லீற்றருக்கு 2 மில்லிகிராம் கிடைக்கும் கணக்கு. பவுடரை நேரே தாங்கியில் கொட்டக் கூடாது. ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றிக் கலக்க வேண்டும். அரை மணி நேரம் என்று புத்தகம் சொல்லும், குளிரில் ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு குழாயடியில் மிச்சக் குளோரின் லீற்றருக்கு 0.2 க்கும் 0.5 மில்லிகிராமுக்கும் இடையில் இருக்க வேண்டும், பரிசோதகரின் நிறப்பெட்டியில் பார்க்கலாம். கலங்கிய தண்ணீரில் குளோரின் மண்ணோடு செலவாகிவிடும், ஆகவே மழை நாளில் முதலில் தெளிய வைக்க வேண்டும். திறந்து வைத்த பழைய பவுடர் வீரியம் இழந்திருக்கும், வாங்கிய திகதியை டப்பாவில் எழுதி, இறுக மூடி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.

மரக்கறிக் காணிக்குக் கீழே இருக்கும் பீலியில் நைத்திரேற்றையும் ஒருமுறை ஆய்வுகூடத்தில் பார்த்துவிடுங்கள். இலங்கைக் குடிநீர்த் தரத்தில் அதன் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேல் இருந்தால் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தத் தண்ணீர் கூடாது. கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். கிருமிச் சோதனைக்கு ஆய்வுகூடம் தரும் போத்தலைக் கழுவாமல் அப்படியே நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். கண்டி வரை போவதானால் விடியற்காலை பஸ்ஸுக்கு முன் மாதிரி எடுங்கள். எந்த நாளில் எடுத்துக்கொள்வார்கள் என்று முதலில் போன் பண்ணிக் கேட்டுக்கொள்ளுங்கள், வெள்ளிக்கிழமை கொண்டுபோனால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.